கைப்பேசி நம் காசு. அதன் முதல் மொழி யாருடையது?

போனஸ் கிடைக்கும் இடத்தில் வேலை செய்கிறவர் போனஸ் பணத்தில் வாங்குகிறார். அது கிடைக்காதவர் மாதத் தவணைக்குக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறார். இருவரும் வாங்குவது ஒரே பொருள்: புதிய கைப்பேசி.

தாராவியிலும் சீத்தா கேம்ப்பிலும் ஆன்டாப் ஹில்லிலும் வாழும் நம் குடும்பங்களில் கைப்பேசி இல்லாத வீட்டை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். தோல் பட்டறைத் தொழிலாளிக்கும், விடியுமுன் இட்லிப் பானையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவருக்கும், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் தாய்க்கும், பிறர் பசிக்குச் சோற்றுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞனுக்கும் அது ஆடம்பரப் பொருள் அன்று. கூலி வருவது அதில். ஊருக்குப் பணம் போவது அதில். ரேஷன், ஆதார், பிள்ளையின் பள்ளிக்கூடச் செய்தி, மருத்துவமனைச் சீட்டு எல்லாம் அதில்தான். கைப்பேசியைப் பறிகொடுத்தவன் பாதி வாழ்க்கையைப் பறிகொடுத்தவன் ஆகிறான்.

இவ்வளவு முக்கியமான பொருள் பெட்டியை விட்டு வெளியே வந்த முதல் அரைமணி நேரத்தில் என்ன நடக்கிறது? கடைமேசையில் ஒரு பையன் பெட்டியைப் பிரிக்கிறான். திரையில் மொழிப் பட்டியல் வருகிறது. நம்மைக் கேளாமலே ஆங்கிலத்தையோ இந்தியையோ தொடுகிறான். அடுத்தடுத்து வரும் பக்கங்களுக்கெல்லாம் ‘சம்மதம்’, ‘சம்மதம்’ என்று விரலை ஓட்டுகிறான். கூகுள் கணக்கு ஒன்றை அவனே உண்டாக்குகிறான். கடவுச்சொல்லையும் அவனே வைக்கிறான். எல்லாம் முடிந்தபின் நம் பக்கம் திரும்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: “சுவர்ப்படம் என்ன வைக்கட்டும், சாமியா, நடிகரா?”

நம் விருப்பப்படி அமைத்துக் கொடுப்பது என்று இதற்குப் பெயர்!

நாம் சொல்கிறோம்: சுவர்ப்படத்தையும் அழைப்பு மணியையும் மாற்றிக்கொண்டதால் ஒரு கைப்பேசி நமதாகிவிடாது. மொழி, கணக்கு, பூட்டு, அனுமதி ஆகிய நான்கும் நம் அறிவோடும் நம் கையாலும் முடிவாக வேண்டும். இந்த நான்கையும் கடைமேசையில் விட்டுவிட்டு வருகிறவர் முழு விலை கொடுத்த வாடகைக்காரரே தவிர உரிமையாளர் அல்லர்.

கடிதம் எழுதிக் கொடுத்தவரும் கடைப்பையனும்

நம் பாட்டன்மார் இந்த நகரத்துக்கு வந்த காலத்தில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தலைமைத் தபால் நிலையத்தின் முன்னே உட்கார்ந்திருக்கும் எழுத்தரிடம் காசு கொடுத்து ஊருக்குக் கடிதமும் மணியார்டரும் எழுதி வாங்கினார்கள். வீட்டு ரகசியத்தையெல்லாம் அந்த மனிதரிடம் சொல்ல வேண்டியிருந்தது. அது ஒரு இழிவு. அந்த இழிவு தம் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்றுதான் அரை வயிற்றுக் கஞ்சியோடு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிக்கு அவர்களை அனுப்பினார்கள்.

ஆனால் அந்த எழுத்தர் கடிதத்தை எழுதினார், ஒட்டினார், காசை வாங்கிக்கொண்டார். அதோடு அவர் வேலை முடிந்தது. நம் வீட்டுச் சாவியை அவர் வைத்துக்கொள்ளவில்லை. இன்று எழுதப் படிக்கத் தெரிந்த நாம், பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாம், முன்பின் தெரியாத ஒருவனிடம் சாவிக் கொத்தையே கொடுத்துவிட்டு வருகிறோம். பாட்டன் பட்ட இழிவை விட இது ஒரு படி கீழான நிலை என்பதை மறுக்க முடியுமா?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கடைப்பையன் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவனும் நம்மைப் போல நாள் முழுதும் நின்று காலோய்ந்து போகும் கூலிக்காரன்தான். ஒரு வாடிக்கையாளரை எத்தனை நிமிடத்தில் அனுப்புகிறான் என்று முதலாளி கணக்குப் பார்க்கிறார். தெரிந்த மொழியில் அமைத்தால் வேலை சீக்கிரம் முடிகிறது, அமைக்கிறான். கோபப்பட வேண்டியது, இப்படித்தான் நடக்கும் என்று தெரிந்தே ஏற்பாடு செய்தவர்கள் மீதும், நடக்கட்டும் என்று தலையாட்டும் நம் சோம்பல் மீதும்தான்.

முதல் திரையில் தமிழ்

புதிய ஆண்ட்ராய்டு கைப்பேசியை முடுக்கினால் முதன்முதலில் கேட்கும் கேள்வியே ‘எந்த மொழி?’ என்பதுதான். பட்டியலைக் கீழே தள்ளினால் ‘தமிழ்’ என்று நம் எழுத்திலேயே நிற்கிறது. அதைத் தொட ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியை நாம் செலவிடாததால், அதன்பின் வரும் ஒவ்வொரு எச்சரிக்கையும், ஒவ்வொரு நிபந்தனையும், ‘பணத்தை அனுப்பவா?’ என்ற கேள்வியும் நமக்குப் பாதி புரிந்த மொழியில் வருகின்றன. பாதி புரிந்தவன்தான் முழுதாக ஏமாறுகிறான்.

கைப்பேசியில் தமிழ் என்பது யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை அன்று. உலக எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிக்கோடு தரத்தில் 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டை ஒட்டித் ‘தமிழ் 99’ என்ற விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றது. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலன்று சிங்கப்பூரில் வெளியாயிற்று. நம் கையில் இருந்தவை வெறும் பொத்தான் கைப்பேசிகளாக இருந்த அந்நாளிலேயே அது தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. புலம்பெயர்ந்த மண்ணில் பிறந்த ஆக்கம் அது. அதைச் செய்தவர்களும் நம்மைப் போல வேற்று மண்ணில் வாழும் தமிழர்களே. 2017-இல் கூகுளின் குரல்வழித் தட்டச்சும் தமிழுக்கு வந்துவிட்டது. எழுதச் சிரமப்படும் பெரியவரும் வாயால் சொன்னால் எழுத்தாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகப் பதிந்தவர்கள் சுமார் 6 கோடியே 90 இலட்சம் பேர். இத்தனை பேருக்கான வசதி கைப்பேசிக்குள் ஆயத்தமாக இருக்கிறது. பயன்படுத்தாமல் கிடக்கிறது. வீட்டில் விளக்கிருக்க இருட்டில் தடவுகிறோம்.

சட்டத்திலேயே ஓர் ஏற்றத்தாழ்வு

நம் சோம்பலைச் சொன்னோம். இனி ஆட்சியாளரின் ஓரவஞ்சனையைச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் விற்கும் கைப்பேசிகளில் இந்திய மொழிகள் இருக்க வேண்டும் என்று 2016-இல் ஒன்றிய அரசு ஒரு தரத்தைக் கட்டாயமாக்கியது. ஐ.எஸ். 16333, மூன்றாம் பகுதி என்பது அதன் பெயர். எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரும் செய்தியைக் கைப்பேசி காட்ட வேண்டும் என்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் எழுதுவதற்கு? ஆங்கிலம், இந்தி, இவற்றோடு இன்னும் ஏதேனும் ஓர் இந்திய மொழி இருந்தால் போதும் என்கிறது.

வாசகர்கள் இதை நிறுத்திப் படிக்க வேண்டும். இந்தியில் எழுத முடியாத கைப்பேசியை விற்பது விதிமீறல். தமிழில் எழுத முடியாத கைப்பேசியை விற்பது விதிமீறல் அன்று! வங்காளியும் மராத்தியரும் தெலுங்கரும் தமிழரும் அந்த ‘ஏதேனும் ஒன்று’ என்ற ஒற்றை நாற்காலிக்கு முண்டியடிக்க வேண்டும்; இந்தி மட்டும் முன்பதிவு செய்த இருக்கையில் அமர்ந்து வரும். இன்று பெரும்பாலான கைப்பேசிகளில் தமிழ் விசைப்பலகை கிடைக்கிறது என்றால் அதற்குக் காரணம் சந்தையின் கணக்கு. சட்டத்தின் நேர்மை அன்று. சந்தை தன் கணக்கை மாற்றிக்கொண்டால் நாம் எந்த விதியைக் காட்டி வாதாடுவது?

அரசின் செயலிகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். தொலைந்த கைப்பேசியை முடக்கவும், நம் பெயரில் யாராவது வேறு சிம் வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்கவும் 2023-இல் ஒரு தளம் தொடங்கினார்கள். மிகவும் பயனுள்ள தளம். ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியது. அதன் பெயர் ‘சஞ்சார் சாத்தி’. ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் ரேஷன் பெறுவதற்கு உதவ 2021-இல் வந்த செயலி ‘மேரா ரேஷன்’. அமைப்புசாராத் தொழிலாளரைப் பதிவு செய்ய அதே ஆண்டில் வந்த தளம் ‘இ-ஷ்ரம்’. தூத்துக்குடியிலிருந்து வந்து தாராவியில் மூட்டை தூக்குகிறவர் இந்தப் பெயர்களைக் கேட்டால், இது தனக்காக ஏற்பட்டது என்று எப்படி அறிவார்? பெயரிலேயே கதவு சாத்தியிருக்கிறது.

இதைச் சொல்வதால் நாம் எந்த மொழிக்கும் பகைவர் அல்லர். வாழ வந்த மண்ணின் மொழியான மராத்தியை மதிக்கிறோம், பேசுகிறோம், நம் பிள்ளைகள் எழுதவும் கற்கிறார்கள். 2025 ஏப்ரலில் மராட்டிய மாநில அரசு முதல் வகுப்பிலிருந்தே இந்தியை மூன்றாம் மொழியாக்க ஆணையிட்டபோது மராத்தி மக்களே எதிர்த்து எழுந்தார்கள். ஜூன் மாத முடிவில் அரசு ஆணைகளைத் திரும்பப் பெற்றது. தம் மொழிக்காக எழுந்த அவர்களின் உணர்வு நமக்குப் புரியாதா? கைப்பேசியில் தமிழை முதல் மொழியாகவும் மராத்தியை இரண்டாம் விசைப்பலகையாகவும் வைத்துக்கொள்வதற்கு எந்தத் தடையும் இல்லை. மும்பைத் தமிழனின் நாக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே அவன் கைப்பேசியும் இருக்கலாம்.

பூட்டு நம்மிடம், சாவி யாரிடம்?

அடுத்தது கணக்கு. செயலிகளை இறக்கவும், தொடர்பு எண்களையும் படங்களையும் காக்கவும் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் கூகுள் கணக்கு தேவைப்படுகிறது. கடைப்பையன் அவசரத்தில் உண்டாக்கிய கணக்கின் பெயர் நமக்குத் தெரியாது. கடவுச்சொல் தெரியாது. மீட்பதற்கான எண்ணாகச் சில இடங்களில் கடைக்காரரின் எண்ணே கொடுக்கப்படுகிறது. ஆறு மாதம் ஒன்றும் தெரியாது. ஒருநாள் குழந்தை கையில் எடுத்துத் தவறான பூட்டெண்ணைப் பலமுறை அழுத்தி விடுகிறது. பழுதுபார்ப்பவர் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்குகிறார். அப்போது திரை கேட்கிறது: முன்பிருந்த கணக்கு எது? திருடன் கையில் கைப்பேசி பயன்படக் கூடாது என்பதற்காக 2015 முதல் ஆண்ட்ராய்டில் வந்த பாதுகாப்பு இது. நல்ல பாதுகாப்புதான். ஆனால் இங்கே திருடனாக நிற்பது யார்? பணம் கொடுத்து வாங்கியவரே!

சிம் எண்ணிலும் இதே கதை. ஊரிலிருந்து கொண்டுவந்த எண்ணில் ஆதாரும் வங்கியும் இணைந்திருக்கும். இங்கே வந்ததும் சலுகை விலையில் ஒரு புதிய சிம் வாங்கிப் பழையதைப் பெட்டியில் போட்டுவிடுகிறோம். பயன்படாத முன்கட்டண எண் 90 நாளில் துண்டிக்கப்படலாம். துண்டித்த எண்ணை மேலும் 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குக் கொடுத்து விடலாம் என்பது தொலைத்தொடர்பு நடைமுறை. அதற்குப் பின் நம் வங்கிக் கணக்குக்கு வரும் ஓ.டி.பி. எண் யாரோ ஒருவர் கைப்பேசியில் மணியடிக்கும்.

பெண்களின் நிலை இன்னும் மோசம். கைப்பேசி தாயின் கையில் இருக்கும். கணக்கு மகன் பெயரில், சிம் கணவன் பெயரில் இருக்கும். மராட்டிய அரசு 2024-இல் தொடங்கிய பெண்களுக்கான மாதம் 1,500 ரூபாய்த் திட்டமானாலும் சரி, தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையானாலும் சரி, சுயஉதவிக் குழுக் கடனானாலும் சரி, செய்தியும் சரிபார்ப்பு எண்ணும் ஒரு கைப்பேசி எண்ணைத் தேடித்தான் வருகின்றன. அந்த எண் அவள் பெயரில் இல்லையென்றால் உரிமைத் தொகை என்ற பெயரில் உரிமை எங்கே இருக்கிறது? குடும்பத் தலைவி என்று மேடையில் பேசிவிட்டு வீட்டில் ஒரு கடவுச்சொல்லை அவளிடமிருந்து மறைக்கும் ஆண்களை நாம் கண்டிக்கிறோம்.

‘சம்மதம்’ என்ற ஒரு சொல்

கைவிளக்குச் செயலி ஒன்று இறக்குகிறோம். அது நம் தொடர்பு எண்களைப் படிக்க அனுமதி கேட்கிறது. விளக்கெரிய நம் மாமன் மச்சான் எண்கள் எதற்கு? யாரும் கேட்பதில்லை, ‘சம்மதம்’ என்று தொட்டு விடுகிறோம்.

இதன் விலை என்ன என்பதைக் கடன் செயலிகளிடம் சிக்கியவர்கள் அறிவார்கள். ஐந்து நிமிடத்தில் ஐயாயிரம் ரூபாய் என்று ஆசை காட்டி, கைப்பேசியில் உள்ள எண்களையும் படங்களையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறியதும் உறவினர் அனைவருக்கும் அசிங்கச் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிய கொடுமை நாடெங்கும் நடந்தது. உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அதன்பின் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி வகுத்தது: கடன் செயலிகள் தொடர்பு எண்களையோ அழைப்புப் பட்டியலையோ படங்களையோ தொடக் கூடாது. விதி இருக்கிறது. ஆனால் வங்கியின் பெயரும் இல்லாமல், விதியும் மதிக்காமல் உலவும் களவுச் செயலிக்கு விதி எப்படித் தெரியும்? அதைத் தடுக்கும் ஒரே காவல், ‘அனுமதிக்க வேண்டாம்’ என்ற பொத்தானைத் தொடும் நம் விரல்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழி எதிலுமோ படிக்கும் வாய்ப்பை மக்களுக்குத் தர வேண்டும் என்கிறது. அதாவது தமிழில் கேட்டுத்தான் நம்மிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்று நாம் வற்புறுத்தலாம். ஆனால் சட்டம் வந்து இரண்டாண்டு கழித்து, 2025 நவம்பரில்தான் விதிகள் வந்தன. நிறுவனங்கள் தம் முக்கியக் கடமைகளை நிறைவேற்ற மேலும் 18 மாத அவகாசம் கொடுத்தார்கள். தொழிலாளி ஒருநாள் தவணை தவறினால் அபராதம்; கோடிக்கணக்கில் இலாபம் காணும் நிறுவனத்துக்கு ஒன்றரை ஆண்டு அவகாசம்!

அரசும் சளைத்தது அன்று. 2025 முடிவில், சஞ்சார் சாத்தி செயலியை எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் விற்கும் முன்பே ஏற்றிவைக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு ஒன்றிய அரசு ஆணையிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் டிசம்பர் தொடக்கத்தில் அதைக் கைவிட்டது. அந்தச் சேவை நல்லது என்று மேலே நாமே சொன்னோம். நல்லதை மக்களிடம் விளக்கிச் சொல்லி வைக்கச் செய்வது மக்களாட்சி. நம்மைக் கேளாமல் நம் சட்டைப்பைக்குள் வைப்பது வேறு ஆட்சி. மக்கள் கேள்வி கேட்டால் ஆணையும் பின்வாங்கும் என்பதற்கு இது சான்று.

நம்மவர் சொல்லும் மறுப்புகள்

“ஆங்கிலத்தில் வைத்தால்தானே பிள்ளைக்கு ஆங்கிலம் வரும்?” என்கிறார்கள். கைப்பேசியின் பட்டியலில் உள்ள ஐம்பது சொற்களால் ஆங்கிலம் வருமானால் பள்ளிக்கூடம் எதற்கு? ஆங்கிலம் கற்கட்டும், கட்டாயம் கற்கட்டும். ஆனால் தாயின் வங்கிக் கணக்கை வைத்து அந்தப் பாடம் படிக்க வேண்டாம்.

“தமிழில் வைத்தால் சொற்கள் கடினமாக இருக்கின்றன” என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. சில மொழிபெயர்ப்புகள் நம் வாயில் நுழைவதில்லை. சில இடங்களில் பொருளும் பிசகுகிறது. ஆனால் ‘செட்டிங்ஸ்’ என்ற சொல்லுடனா நாம் பிறந்தோம்? ஒரு வாரம் புழங்கினால் ‘அமைப்புகள்’ அதைவிட எளிதாகப் பழகும். தவறு இருந்தால் பயன்படுத்துகிறவர்கள்தான் முறையிட்டுத் திருத்த முடியும். யாரும் பயன்படுத்தாத மொழிபெயர்ப்பை எந்த நிறுவனம் திருத்தும்? ஏதேனும் ஒரு செயலி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தால் வசதி என்று நினைப்பவருக்கும் வழி உண்டு: 2022-இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், கைப்பேசி தமிழிலும் குறிப்பிட்ட செயலி வேறு மொழியிலும் இருக்கும்படி வைக்கலாம்.

“எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்கவே தெரியாதே” என்பவர்களும் நம்மிடையே உண்டு. இதுதான் நெஞ்சைச் சுடும் மறுப்பு. வீட்டில் தமிழ் பேசி, ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும் எழுதப் படிக்கும் தலைமுறை இங்கே வளர்ந்துவிட்டது. ஊரிலிருக்கும் பாட்டிக்கு வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். பாட்டிக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பாட்டி தமிழில் எழுதச் சொன்ன பதிலைப் பேரனுக்குப் படிக்கத் தெரியவில்லை. இருவருக்கும் நடுவே ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் தூரத்தோடு எழுத்தும் ஒரு சுவராக நிற்கிறது. நாள் முழுதும் பிள்ளையின் கண் நிலைத்திருக்கும் அந்தத் திரையில் தமிழ் எழுத்து இருந்தால், அதுவே அவனுக்குச் செலவில்லாத திண்ணைப் பள்ளிக்கூடம் ஆகும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செய்ய வேண்டியது

பேசினால் போதாது, செய்ய வேண்டும். புதிய கைப்பேசி வாங்கும்போது “பெட்டியை மட்டும் கொடுங்கள், வீட்டில் அமைத்துக்கொள்கிறோம்” என்று சொல்லுங்கள். இயங்குகிறதா என்று கடையில் பார்ப்பது சரி. அதற்குக் கணக்கு தேவையில்லை. ஏற்கெனவே வாங்கியவர்களும் கீழ்க்கண்டவற்றை இன்றே திருத்தலாம்.

முதலில் மொழியைத் தமிழாக்குங்கள். பெரியவர்களுக்கு எழுத்தின் அளவைப் பெரிதாக்குங்கள்.

கணக்கை உங்கள் பெயரில், உங்கள் எண்ணில் தொடங்குங்கள். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி ரேஷன் அட்டையோடு வீட்டுப் பெட்டியில் வையுங்கள். கடையில் தொடங்கிய கணக்கு இருந்தால் மீட்பு எண்ணையும் கடவுச்சொல்லையும் உடனே மாற்றுங்கள்.

திரைக்குப் பூட்டெண் வையுங்கள். பிறந்த ஆண்டும், 1234-ம் பூட்டு அல்ல, திறந்த கதவு.

அமைப்புகளில் அனுமதிப் பட்டியலைத் திறந்து, எந்தச் செயலி எதைப் பார்க்கிறது என்று ஒவ்வொன்றாகப் படியுங்கள். தேவையற்றதை நீக்குங்கள். விளம்பரத்துக்காக நம்மைப் பின்தொடரும் அடையாள எண்ணையும் அங்கேயே அழிக்கலாம்.

வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வரும் ‘ஏ.பி.கே.’ கோப்பைத் தொடாதீர்கள். அது அழைப்பிதழ் அன்று, கன்னக்கோல். அறியாத இடத்திலிருந்து செயலி நிறுவும் வசதியை மூடியே வையுங்கள்.

அவசரத் தகவலில் இரத்த வகையும் வீட்டார் எண்ணும் எழுதுங்கள். சாரத்தின் மேலோ சாலையிலோ வேலை செய்கிறவர் மயங்கிக் கிடந்தால், பூட்டைத் திறக்காமலே பிறர் அதைப் பார்க்க முடியும். அவசர உதவிக்கு 112.

நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் என்று அழுத்தினால் கைப்பேசியின் 15 இலக்க அடையாள எண் தெரியும். அதையும் நோட்டில் குறியுங்கள். தொலைந்தால் முடக்குவதற்கு அது வேண்டும்.

பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. கேட்கிறவன் எடுக்க வந்தவன். ‘டிஜிட்டல் கைது’ என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை. பணம் பறிபோனால் அழுது நேரத்தைக் கழிக்காமல் உடனே 1930-ஐ அழையுங்கள்.

பழைய கைப்பேசியை விற்கும் முன் கணக்கிலிருந்து வெளியேறி, எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுங்கள்.

இவற்றையெல்லாம் ஒருவர் தனியே செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு சாலிலும் ஒவ்வொரு நகரிலும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் கூடுவோம். படித்த பிள்ளைகள் கற்றுக்கொடுக்கட்டும். ஒரு நிபந்தனை: சொல்லிக்கொடுக்கலாம், கைப்பேசியை வாங்கித் தாமே செய்துவிடக் கூடாது. விரல் உரியவருடையதாகவே இருக்க வேண்டும். கடைப்பையனை விட்டுச் சொந்தப் பையனிடம் அடிமையாவது விடுதலை ஆகாது.

நம் கோரிக்கைகள்

ஒன்று: 2016-ஆம் ஆண்டுத் தரத்தைத் திருத்தி, எழுதும் வசதியையும் 22 மொழிகளுக்கும் சமமாகக் கட்டாயமாக்க வேண்டும். இந்திக்கு முன்பதிவு, மற்ற மொழிகளுக்கு முண்டியடிப்பு என்ற நிலை ஒழிய வேண்டும்.

இரண்டு: கடையில் கைப்பேசியை முடுக்கும்போது வாங்குகிறவரின் மொழியைக் கேட்டு, அவர் கண்முன் அவர் கையாலேயே கணக்குத் தொடங்கச் செய்ய வேண்டும் என்று விற்பனையாளருக்கு விதி வேண்டும்.

மூன்று: தவணையில் விற்கும் கைப்பேசியில் கடன் நிறுவனம் பூட்டுச் செயலி வைக்குமானால் அதை வாங்குமுன் அவர் மொழியில் எழுத்தில் சொல்ல வேண்டும். கடன் முடிந்த நாளே அதை நீக்க வேண்டும்.

நான்கு: அரசுச் செயலிகளும் 1930 போன்ற உதவி எண்களும், தமிழர் எந்த மாநிலத்தில் இருந்து அழைத்தாலும் தமிழில் பதில் சொல்ல வேண்டும். ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறைதீர்க்கும் மனு கொடுக்க அரசமைப்பின் 350-ஆவது பிரிவு உரிமை தருகிறது. கடுதாசியில் உள்ள உரிமை கைப்பேசியில் மட்டும் ஏன் செத்துப் போக வேண்டும்?

இக்கோரிக்கைகள் நிறைவேறும் வரை மனுக் கொடுப்போம். நம் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதைக் கேட்போம். ஆனால் முதல் வேலைக்கு யாருடைய ஆணையும் தேவையில்லை. இந்த ஏட்டைக் கீழே வைத்ததும் கைப்பேசியை எடுங்கள். அமைப்புகளைத் திறந்து மொழிப் பட்டியலுக்குப் போங்கள். தமிழ் அங்கே காத்திருக்கிறது. தொடுங்கள்.